நாலு ரூபா பதிமூணு காசு வட்டி

காலை ஆறே முக்கால். முந்தல் சோதனைச் சாவடியைத் தாண்டி ஜீப் மலை ஏறத் தொடங்கியிருந்தது. உள்ளே ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்கள் ஒரு டஜன் பேர், அவர்களின் சோத்துத் தூக்குகள், ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நான். போன் அடித்தது.

"சார், கார்டு டியூ 2,14,000 ரூபா. இன்னைக்கு மூணு மணிக்குள்ள கட்டலைன்னா ஃபைல் லீகலுக்குப் போயிரும். வீட்டுக்கு போலீஸ் வரும். தெருவே வேடிக்கை பாக்கும், பரவாயில்லையா?"

போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். சிக்னல் நிற்காது. அறுந்தது. இரண்டு வளைவு தாண்டியதும் அவனே கூப்பிட்டான். "மேனேஜர் கால்ல விழுந்து கேட்டேன் சார். ஒன் டைம் செட்டில்மென்ட். 1,60,000." ஐம்பத்து நாலாயிரம் ரூபாய் இரண்டே வளைவில் பள்ளத்தில் உருண்டுவிட்டது. புலியூத்துப் பக்கம் போகும்போது 1,10,000 ஆகியிருந்தது.

ஜீப் ஓட்டும் தம்பி திரும்பிப் பார்க்காமலே கேட்டான்: "ஏண்ணே, சாம்பிளே காட்டாம வெல பேசுறானே, என்ன சரக்குண்ணே அது?"

அவன் கேள்வி நியாயமானது. எங்கள் போடியில் விலை பேசுவது கேவலமில்லை, அதுதான் ஊரின் தொழிலே. நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலக் கூடத்தில் காய் மாதிரி முன்னால் இருக்கும். கையில் அள்ளிப் பார்க்கலாம், முகரலாம், பருமன் பார்க்கலாம். கேட்கும் விலை திரையில் ஓடும். ஏமாந்தாலும் நாலு பேர் முன்னால் ஏமாறுவோம். கார்டு கம்பெனி பேசும் விலையோ காதோடு காதாகப் பேசப்படுவது. நம் பயம்தான் அங்கே சரக்கு. நடுக்கம் கூடினால் விலை ஏறும், குறைந்தால் இறங்கும்.

இந்தக் கிரெடிட் கார்டு என் கைக்கு வந்தது 2019-இல். அந்த ஆகஸ்டில் கேரளத்தின் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ காய் 7,000 ரூபாயைத் தொட்டது. முந்தைய வருட வெள்ளத்திலும் அடுத்து வந்த வறட்சியிலும் செடி செத்ததால் ஏறிய விலை அது. விற்கக் காய் இல்லாதவனும் தன்னைக் கோடீஸ்வரன் என்று நம்பிய காலம். பூவுக்கு ஈ வருகிறதோ இல்லையோ, ஊருக்குக் கார்டு விற்கிறவர்கள் வந்தார்கள். குடைக்குக் கீழே மேசை, கழுத்தில் டை, கையெழுத்துப் போட்டால் சக்கரம் வைத்த பெட்டி இலவசம். பெட்டியின் சக்கரம் மூன்றே மாதத்தில் கழன்றுவிட்டது. கார்டின் சக்கரம் இன்னும் சுற்றுகிறது.

2022-இல் காய் ஆயிரத்துக்கும் கீழே போனது. உரத்துக்கும் மருந்துக்கும் மகளின் கல்லூரிக்கும் தேய்த்த ஒரு லட்சம் மட்டும் இறங்கவில்லை. "மினிமம் கட்டினாப் போதும் சார்" என்றார்கள். மினிமம் என்றால் என்ன? எங்கள் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நூற்றுக்கு மாதம் மூன்றரை ரூபா வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. கூட்டினால் நாலு ரூபா பதிமூணு காசு. லட்சத்துக்கு ஐந்து சதவீத மினிமம், ஐயாயிரம் கட்டுகிறீர்கள். 4,130 வட்டியும் வரியுமாகப் போகும். அசலில் குறைவது 870. புதிதாக ஒரு தீப்பெட்டிகூட வாங்காமல், ஒரு நாள்கூடத் தவறாமல் கட்டினாலும் ஒரு வருடத்தில் 57 ஆயிரம் போயிருக்கும், அசலில் பத்தாயிரம் கரைந்திருக்கும். அதற்குப் பிறகு ஒரு மாதம் தவறினால் தாமதக் கட்டணம், அதற்கும் ஜிஎஸ்டி. நம் வீட்டுக் கஷ்டத்திலும் அரசாங்கத்துக்கு ஒரு பங்கு உண்டு.

சந்தைப்பேட்டையில் மஞ்சள் பையோடு நின்று இதே வட்டி வாங்குகிறவனுக்கு நம் நாட்டில் ஒரு பெயர் உண்டு. 2003-இல் தமிழ்நாடு சட்டமே போட்டது: கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லித் தடுத்தது, மூன்றாண்டு வரை சிறை என்றது. அதற்குப் பிறகும் 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பம் குழந்தைகளோடு தீக்குளித்தது. அப்போது நாடே கொதித்தது, சரி. மஞ்சள் பையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணாடிக் கட்டடத்துக்குள் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் ரசீது கொடுத்தால் மட்டும் அது நிதிச் சேவையாகிவிடுகிறது.

இதை ஒருவரும் தட்டிக் கேட்கவில்லை என்று சொல்லிவிட முடியாது. கார்டு பாக்கிக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 ஜூலையில் தீர்ப்பளித்தது. வங்கிகள் உச்ச நீதிமன்றம் போயின. பதினாறு வருடம் கழித்து, 2024 டிசம்பர் 20 அன்று, வட்டியை நிர்ணயிப்பது ஆணையத்தின் வேலையில்லை என்று சொல்லி அந்தத் தீர்ப்பு தூக்கி எறியப்பட்டது. பதினாறு வருடத்தில் ஏலச் செடி நட்டு, பலன் எடுத்து, பிடுங்கி, மறுபடி நட்டுவிடலாம்.

பேரம் என்பதே பாவம் என்றால் எல்லோருக்கும் பாவமாக இருக்கட்டும். 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய். இதில் பாதிக்கு மேல், 7.40 லட்சம் கோடி, பெருந்தொழில்களுக்கும் பெரிய சேவை நிறுவனங்களுக்கும் கொடுத்தது. நாடாளுமன்றத்தில் அரசே சொன்ன கணக்கு. "நீக்கம் என்றால் தள்ளுபடி இல்லை, வசூல் தொடரும்" என்று விளக்கமும் தந்தார்கள். தொடரட்டும். அவர்களுக்கு யாரும் காலை ஆறே முக்காலுக்குப் போன் செய்து, தெருவே வேடிக்கை பார்க்கும் என்று சொல்வதாகத் தெரியவில்லை. 2023 ஜூன் 8-இல் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது: கையில் காசிருந்தும் வேண்டுமென்றே கட்டாதவர்களோடும், மோசடிக்காரர் என்று பட்டியலிடப்பட்டவர்களோடும்கூட வங்கிகள் சமரசம் செய்துகொள்ளலாம். மோசடி செய்தவனுக்கு ஏசி அறையில் சமரசம். மழை பொய்த்தவனுக்கு வளைவுக்கு வளைவு வசவு.

அதே ரிசர்வ் வங்கி எழுதிவைத்த வேறு சில வரிகளும் உண்டு. காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்குப் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது. உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது. கட்டாத கட்டணத்தை அசலோடு சேர்த்து அதற்கும் வட்டி போடக் கூடாது. அதோடு, சட்டப்படி கார்டு பாக்கி சிவில் வழக்குச் சமாச்சாரம், அதற்குப் போலீஸ் வராது. இவையெல்லாம் போன் செய்யும் பையனுக்குத் தெரியும், அவனை ஏவியவர்களுக்கு அதைவிட நன்றாகத் தெரியும். போடிக்காரன் இதையெல்லாம் எங்கே படித்திருக்கப் போகிறான் என்பதுதான் அவர்களின் மூலதனம்.

பதினான்காவது வளைவில் மறுபடி அடித்தது. எனக்கு என்ன தோன்றியதோ, ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஃபைனல் சார். எழுபதாயிரம். இப்பவே ஜிபே பண்ணுங்க."

"பண்றேம்ப்பா. வங்கி லெட்டர்பேடுல, எழுபதாயிரத்தோட கணக்கு முடிஞ்சுச்சுன்னு எழுதி அனுப்பு. பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும், உன் நம்பருக்கு வராது."

"லெட்டரெல்லாம் அப்புறம் வரும் சார். சொல்லச் சொல்லக் கேக்காம, குடும்ப மானத்தை..."

பின் சீட்டிலிருந்து ஒரு அக்கா குனிந்து போனுக்குள் பேசினார்: "ஏந்தம்பி, எங்க குழு லோனு சாரே நல்லா வெடிஞ்சப்புறந்தான் வருவாரு. நீ யாரு பெத்த புள்ள, எந்த ஊரு?"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "உசிலம்பட்டி பக்கம்க்கா" என்றான், வேறு குரலில். ஜீப்பே சிரித்தது. போன் வைக்கப்பட்டது. இந்த முறை சிக்னல் நன்றாகவே இருந்தது.

வங்கிக்கு எழுத்தில் புகார் அனுப்பினேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், ஒரு பைசா கட்டணமில்லை, விவரத்துக்கு 14448. குறைதீர்ப்பாளர்வரை போக வேண்டியிருக்கவில்லை, கடிதம் வந்தது. எழுபதாயிரம், மூன்று தவணை. கட்டினேன். சிபில் பதிவில் 'முடிந்தது' என்று போடாமல் 'செட்டில்டு' என்று போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்து அடுத்த வங்கிக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். திருப்பட்டும்.

உங்களுக்கும் அந்தப் போன் வரும். கொல்லைப்புறம் போய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டு பேசாதீர்கள். ஸ்பீக்கரில் போடுங்கள், நாலு பேர் கேட்கட்டும்.