மட்கார்டு வெட்டியல்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

சக்கரம் வாரியடிக்கும் சேற்றைத் தடுக்கும் தகடு மட்கார்டு. அதன் விளிம்பை வீட்டு வாசலில் வைத்தே கிரைண்டரால் அறுத்து, அறுத்த இடத்தின் மேல் கறுப்புப் பிளாஸ்டிக் பட்டை ஒன்றை ஸ்க்ரூ முடுக்கிப் பொருத்துவது இவண் 'வெட்டியல்' எனப்படுகிறது. அந்தப் பட்டைக்குக் கடையில் பிளேர் என்று பெயர். வெட்டியலில் முனைவர் பட்டம் பெற்றவர் எவரும் இலர். இத்துறை வல்லுநர்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே இயங்குவது அதற்கொரு காரணமாகலாம்.

ஆய்வெல்லை, தேனி முதல் கூடலூர் லோயர் கேம்ப் வரை. இந்நிலத்தைத் தேர்ந்தமைக்கு நியாயம் உண்டு. பொழுது விடியும் முன்பே கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு என மூன்று மலைப்பாதைகளிலும் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்கு வேலையாட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் ஏறுகின்றன. போடிமெட்டுப் பாதையில் மட்டும் கொண்டை ஊசி வளைவுகள் 17. தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களோடு அந்த வளைவுகளில் ஜீப்பை ஒடித்துத் திருப்புகிறவர்கள் வாழும் ஊரில்தான் ஜீப்பைப் பற்றிப் பேச வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் கேட்டுக்கொள்ளலாம்.

வரலாறு சிறிது. இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16, அதாவது ஆறங்குல அகலம். அந்த வில்லிஸைத்தான் 1940களின் கடைசியில் மகிந்திரா நிறுவனம் பம்பாயில் கோக்கத் தொடங்கியது. 2020-ல் வந்த அந்நிறுவனத்தின் புதிய 'தார்' ஜீப், 255 மில்லிமீட்டர் வரை அகலமுள்ள, ஏறத்தாழப் பத்தங்குல டயரோடும் கம்பெனியே மாட்டிக் கொடுத்த பிளேரோடும் வந்து இறங்கியது. நியாயப்படி வெட்டியல் அன்றோடு வழக்கொழிந்திருக்க வேண்டும். ஒழியவில்லை. கம்பெனி பிளேரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரிதாக ஒன்றை மாட்டினார்கள்.

அடுத்து, காரண காரிய ஆராய்ச்சி. ஏன் வெட்டுகிறீர்கள் என்று கேட்டால் "டயர் இடிக்குதுண்ணே" என்பதே பொதுவான விடை. விடை பிழையன்று, முழுமையும் அன்று. டயர் ஏன் இடிக்கிறது? பெரிதாக வாங்கியதால். ஏன் பெரிதாக வாங்கினார்? மாப்பிள்ளையின் வண்டியில் பெரிது போட்டிருப்பதால். இதற்கு மேல் பின்னோக்கிப் போனால் ஆய்வு குடும்பத் தகராறில் முடியும் என்பதால் இவ்விடத்தில் நிறுத்தப்பட்டது. ஆக, டயருக்காக வெட்டு. வெட்டை மறைக்க பிளேர். பிளேர் மாட்டியதும் டயர் உள்ளொடுங்கித் தெரிவதால் இன்னும் அகலமான டயர்.

செய்முறைக்கு முதலில் ஒரு மைத்துனர் தேவை. அவர் பிளேரைத் தகட்டோடு சேர்த்துப் பிடிக்க, மாஸ்கிங் டேப்பின் மேல் மார்க்கரால் அதன் ஓரத்தை வரைய வேண்டும். பிறகு அதற்குக் கீழே, சக்கரத்தின் பக்கமாக, எட்டு நூல் தள்ளி இன்னொரு கோடு. வெட்ட வேண்டியது இரண்டாம் கோட்டில். முதல் கோட்டிலேயே வெட்டியவர்களின் வண்டியில் ஸ்க்ரூ இறங்கத் தகடு இல்லாமல் பிளேர் அந்தரத்தில் நிற்கும். கிரைண்டர் பொறி கண்ணாடியில் தெறித்தால் புள்ளி புள்ளியாகப் பதிந்துவிடும், கழுவினால் போகாது. ஈரச்சாக்குப் போட்டு மூடுவது நலம். அறுத்த ஓரத்தை அரத்தால் ராவி ரெட் ஆக்சைடு அடிப்பது விதி. அடிக்காமல் முடுக்குவது வழக்கு. அப்படி முடுக்கிய வண்டி தென்மேற்குப் பருவமழையில் குமுளிக்குப் போய் வந்தால், இண்டு இடுக்கில் ஈரமண் தங்கித் துரு பிடிக்கும். மேலே பிளேர் மூடியிருப்பதால் துருவும் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கும்.

வண்டி சமதரையில் நிற்கும்போது எடுத்த அளவு செல்லாது என்பதை இவ்வாய்வு அழுத்திச் சொல்ல விரும்புகிறது. ஒரு பக்கச் சக்கரத்தைத் திண்டில் ஏற்றி, ஸ்பிரிங் அமுங்கிய நிலையில், ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை ஒடித்துப் பார்த்தால்தான் டயர் எங்கே இடிக்கிறது என்று தெரியும். சில வண்டிகளில் அது மட்கார்டில் இடிப்பதே இல்லை. உள்ளே சேசிஸில் உரசும். அது தெரியவரும்போது மட்கார்டு போயிருக்கும்.

சட்டவியல் நோக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52, கம்பெனி கொடுத்த வடிவத்துக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இங்கே எழும் ஐயம்: நான்கு மட்கார்டையும் வெட்டினால் அது ஒரு மாற்றமா, நான்கு மாற்றமா? ஒன்று என்பது வெட்டியவர் கட்சி. அபராதச் சீட்டுப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ அவர் கட்சியே வெல்லும்.

இனி முடிபு. ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகளின் மட்கார்டுகளில் நசுங்கல் உண்டு, பட்டி வைத்த தழும்பு உண்டு, வெட்டு இல்லை. டயரும் ஒல்லிதான். அகல டயர் போட்டால் டீசல் கூடும், ஸ்டியரிங் கனக்கும் என்பது டிரைவரின் கணக்கு. அதை அவர் தினமும் சொந்தக் காசில் சரிபார்க்கிறார். வெட்டிய வண்டிகளின் உச்சபட்ச மலையேற்றமோ சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு, அதுவும் தார்ச்சாலையில். மலை ஏற மட்கார்டை வெட்டத் தேவையில்லை என்பதே இவ்வாய்வின் தீர்ப்பு.

தீர்ப்பை ஏற்காத அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அறுத்த துண்டுகளைக் காயலான் கடையில் போட்டுவிடாதீர்கள். 15 வருஷம் முடிந்து ஆர்.சி. புதுப்பிக்க வண்டியைக் காட்டப் போகும்போது, அவற்றைத் திரும்ப வெல்டு வைக்க வேண்டிவரும்.