ஒன்றுக்கு எண்பது

டாக்டரைப் பார்க்காமல் லேபுக்குப் போவது தஞ்சாவூரில் ரொம்பச் சுலபம். முழங்கால் வலிக்கு யூரிக் ஆசிட் மட்டும் பார்க்கலாம் என்றுதான் போனேன். மூட்டுவலி பேக்கேஜாக எடுத்தால் லாபம் என்றார்கள். ஜவுளிக்கடையில்கூடக் காட்டாத பேராசையை அங்கே காட்டினேன். அதில் ஏ.என்.ஏ. என்று ஒன்றும் சேர்ந்து வந்தது.

ரிப்போர்ட்டில் 'பாசிட்டிவ், 1:80'. எண்பது மடங்கு நோய் என்று படித்தேன். மா கணக்கைக் குழிக்கு மாற்றச் சொன்னாலே தடுமாறுகிறவன் நான்.

சங்கதி வேறு. ரத்தத்தின் சீரத்தை எண்பது மடங்கு நீர்க்கச் செய்து, கண்ணாடித் தகட்டில் இருக்கும் ஹெப்-2 என்ற மனித செல்கள் மேல் விடுகிறார்கள். நம் உடம்பின் செல் உட்கருவையே எதிரியாக நினைக்கும் ஆன்டிபாடி இருந்தால் போய் ஒட்டிக்கொள்ளும். ஒளிரும் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பச்சையாக மின்னும். 640 மடங்கு, 1280 மடங்கு நீர்த்த பிறகும் மின்னினால் அது கவனிக்க வேண்டிய விஷயம். எண்பதில், நோயே இல்லாதவர்களிலும் நூற்றுக்குச் சுமார் 13 பேருக்கு மின்னும் என்று 1997-லேயே பல நாட்டு ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து சொல்லிவிட்டன.

எனக்குத்தான் சேதி வரவில்லை. உடம்பு தன்னையே தாக்கும் லூபஸ் நோய் என்று நானே முடிவுகட்டி, வெயிலுக்குப் பயந்து பெரிய கோயிலுக்குக் குடை பிடித்துப் போனேன். தம்பியுடன் வரப்புத் தகராறைப் பெருந்தன்மையாக முடித்துக்கொண்டேன். மகளிடம் போனில் தழுதழுத்தேன். "டாக்டர் என்னப்பா சொன்னார்?" என்றாள். எந்த டாக்டர்?

கடைசியில் போய்ப் பார்த்த வாத நோய் டாக்டர் ரிப்போர்ட்டைத் தொடவே இல்லை. "வெயில் பட்டா முகம் தடிக்குதா? வாய்ப்புண் வருதா? முடி கொத்தாக் கொட்டுதா? குளிர்ந்த தண்ணியில விரல் வெளுத்துப் போகுதா?" எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றேன், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. "தேய்மானம்தான். எடையைக் குறைங்க."

படியிறங்கும்போதுதான் உறைத்தது. இந்தக் கேள்விகளுக்கு 'ஆமாம்' சொல்லக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும். எங்கள் வயலில் நடவுக்கு வருகிற பெண். குறுவை நடவு சமயத்தில், மூக்கோடு சேர்ந்து இரண்டு கன்னமும் தடித்துக் கறுத்திருப்பதைக் காட்டினார். முடி கையோடு வருகிறது என்றார். "வெயில்ல நின்னா அப்படித்தாம்மா, தேங்காய் எண்ணெய் தடவு" என்று வைத்தியம் சொன்ன மேதை நான்தான். என் முழங்காலுக்கு பேக்கேஜ், அவர் முகத்துக்கு எண்ணெய்.

மறுநாள் அவரை அதே டாக்டரிடம் அழைத்துப் போனேன். முகத்தைப் பார்த்து, எல்லாம் கேட்ட பிறகுதான் ஏ.என்.ஏ. எழுதினார்; கூடவே டிஎஸ்-டிஎன்ஏ ஆன்டிபாடியும், சிறுநீரகத்தைத் தொட்டிருக்கிறதா என்று பார்க்க சிறுநீர்ப் பரிசோதனையும். லூபஸ்தான். சிறுநீரில் புரதம் இல்லை. ரிப்போர்ட் வந்த அன்றே ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் ஆரம்பித்தார்கள்.

திரும்பும் பஸ்ஸில் அவர் கேட்டார்: "ஐயாவுக்கும் இந்த டெஸ்ட் எடுத்தாங்களாமே, எவ்வளவு?"

"எண்பதும்மா."

"எனக்கு ஆயிரத்து இருநூத்தி எண்பது. உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க" என்றார், டிக்கெட் எடுத்தபடி.

நான் வாரக்கணக்கில் தப்பாகப் படித்த ரிப்போர்ட்டை, பார்க்காமலே படித்துவிட்டார்.