உத்திரமேரூரும் ஏதென்ஸும்

கேள்வி: பி.ஏ. முடித்த என் மகன், டில்லிக்குப் போய்க் கிரேக்க மொழியும் சரித்திரமும் படிப்பேன் என்று பிடிவாதம் செய்கிறான். உத்திரமேரூர்க்காரனுக்குக் கிரேக்கம் எதற்கு, ஐயா?
– கவலையுற்ற தகப்பனார், உத்திரமேரூர்.

பதில்: ஏதென்ஸில் பிறந்த திமித்ரியோஸ் கலானோஸ் என்னும் கிரேக்கர் காசியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வாசம் செய்து, சம்ஸ்கிருதம் கற்று, பகவத் கீதையைக் கிரேக்கத்தில் பெயர்த்து, 1833-இல் அங்கேயே காலமானாரே, அவருடைய தகப்பனாரும் தங்களைப் போலவே கேட்டிருக்கக்கூடும். அவர் பெயரால் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கிரேக்கக் கல்விக்கு ஓர் இருக்கையே இருக்கிறது.

மேலும், பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், தங்கள் ஊர்ச் சபையார் குடும்பு என்னும் முப்பது வட்டாரங்களிலிருந்து வாரியப் பெருமக்களைக் குடவோலையால் தேர்ந்தெடுக்க வகுத்த விதிகளைக் கல்லில் படித்தவன், ஏதென்ஸ் நகரத்தார் தங்கள் ஐந்நூற்றுவர் சபைக்குச் சீட்டுக் குலுக்கியே ஆள் எடுத்ததையும், பதவி முடிந்ததும் கணக்குக் கேட்டதையும் கிரேக்க மூலத்திலேயே படிக்க விரும்பினால் அது பிடிவாதமன்று, ஊர்ப்பற்று. அங்கே நிலமில்லாத ஏழைக்கும் சீட்டு விழுந்தது. இங்கே பொதுவாக இறை செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் வேண்டும். அந்த வித்தியாசத்தையும் பையன் மறைக்காமல் எழுதட்டும்.

உத்தியோகம் சுலபமாகக் கிடைக்கும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் அனுப்பிவையுங்கள், செலவுக் கணக்கை மட்டும் மாதந்தோறும் ஒழுங்காக எழுதச் சொல்லுங்கள். கணக்குக் காட்டாதவனோடு அவனைப் பெற்ற தகப்பனும் தகுதி இழப்பான் என்பது தங்கள் ஊர்க் கல்வெட்டின் விதி.