‘செட்’ ஆகவே ஆகாத வார்த்தை

செட் தோசை, பம்ப்செட், சினிமா செட், “அவனுக்கும் எனக்கும் செட் ஆகாதுப்பா”... டிபனில் ஆரம்பித்து பிரேக்-அப் வரை இந்த ஒரு வார்த்தையை வைத்தே நாம் காலத்தை ஓட்டிவிடுகிறோம். இதற்கு அர்த்தம் எழுதப் போய் இங்கிலாந்தின் பெரிய பெரிய தாடிகள் முழி பிதுங்கிய கதை தெரியுமா உங்களுக்கு?

1879-ல் ஜேம்ஸ் முர்ரே ஆக்ஸ்போர்டு அகராதிக்கு ஆசிரியரானார். பத்தே வருஷம், நாலே வால்யூம் என்று பேச்சு. அஞ்சு வருஷம் கழித்து, 1884-ல், முதல் பகுதி வந்தது. ‘ஏ’-யில் கிளம்பியவர்கள் ‘ஆன்ட்’டில் நின்றிருந்தார்கள். ஆமாம், எறும்புதான்!

மகா பண்டிதரின் ஆபீஸ் அரண்மனை மாதிரி இருக்கும் என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் போட்ட தகரக் கொட்டகை. பெயர் மட்டும் கெத்தாக ‘ஸ்கிரிப்டோரியம்’. ஆக்ஸ்போர்டில் அதைப் போட்டபோது பக்கத்து வீட்டு புரொபசருக்குக் கண்ணை உறுத்தியதாம்! பள்ளம் தோண்டிக் கொட்டகையைக் கீழே இறக்கினார்கள். உலகத்து வார்த்தைகளையெல்லாம் அளந்தவர் உட்கார்ந்திருந்தது குழிக்குள்.

அந்த முதல் பகுதியை ஒருவர் பத்திரிகையில் அலசித் தள்ளினார். ஹென்றி பிராட்லி. ஷெஃபீல்டில் கத்தி, கரண்டி கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். லண்டனுக்குக் குடிவந்த புதிது, வீட்டில் மேஜைகூட இல்லை. தேயிலைப் பெட்டி மேல் வைத்து எழுதினார். முர்ரே கோபப்படவில்லை. ஆளையே வேலைக்கு இழுத்துக்கொண்டார். விமர்சகரைப் பழிவாங்க இதைவிட நல்ல வழி உண்டா?

பின்னே? ‘எஸ்’ எழுத்தின் ஆரம்பப் பகுதி பிராட்லி தலையில்தானே விழுந்தது! அதற்குள் நம்ம ‘செட்’. சூரியன் மறைந்தால் செட். ஜெல்லி இறுகினாலும் செட். முறிந்த எலும்பைச் சேர்த்தாலும் செட், குடிசைக்குத் தீ வைத்தாலும் செட். வினைச்சொல்லாக மட்டும் 430-க்கு மேல் அர்த்தம். மொத்த விளக்கம் சுமார் 60,000 வார்த்தை, அதாவது ஒரு சுமாரான நாவல். கதைதான் இல்லை.

இதில் கூத்து என்னவென்றால், இது ஒரே வார்த்தைகூட இல்லை. ‘வை’ என்கிற செட் பழைய இங்கிலீஷ் வீட்டுப் பிள்ளை. ‘கூட்டம்’ என்கிற செட் லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்த விருந்தாளி. ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் ஊரை ஏமாற்றியிருக்கிறார்கள்!

பத்து வருஷ வேலை ஒருவழியாக 1928-ல் முடிந்தது. முர்ரே 1915-லேயே போய்விட்டார், பிராட்லி 1923-ல். இப்போது அதிக அர்த்தமுள்ள வார்த்தை என்கிற மகுடம் ‘செட்’டிடமும் இல்லை. ‘ரன்’ ஓடி வந்து தட்டிப் பறித்துவிட்டது. வினைச்சொல்லாக அதற்கு 645 அர்த்தம். எழுதி முடிக்க பீட்டர் கில்லிவர் என்கிற ஆசிரியருக்குச் சரியாகப் பிரசவக் கணக்கு: ஒன்பது மாதம்.