எனாமல் சம்மாட்டி

ராமேசுவரம் தீவில் ஏப்ரல் 15 பிறந்தால் விசைப்படகுகள் கரையேறிவிடும். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. முன்பு 45 நாள்தான் இருந்தது. மீனுக்கு அது பற்றவில்லை என்று நீட்டினார்கள். மீன் நிம்மதியாக முட்டையிடட்டும் என்று விட்ட இந்த அவகாசத்தை மீனைவிட முழுசாகப் பயன்படுத்திக்கொள்கிற ஒரு ரக மனிதர் பாம்பனிலும் உண்டு, மண்டபத்திலும் உண்டு, நாகப்பட்டினம் போனாலும் உண்டு. எனாமல் சம்மாட்டி என்று அவருக்குப் பெயர் வைத்துக்கொள்வோம்.

சம்மாட்டி என்றால் படகு முதலாளி. நம்மவரிடம் இருப்பது ஒரே படகு. அதுவும் மரப்படகு, வயது முப்பதைத் தொட்டது. எஞ்சின் இன்னொரு படகில் ஓடிக் களைத்து இங்கே வந்தது. பலகை இளகினாலும், ஆணி துருப்பிடித்தாலும், அடிமரமான ஏராவுக்குப் பக்கத்தில் தண்ணீர் கசிந்தாலும் அவர் சொல்லும் பரிகாரம் ஒன்றுதான்: “ரெண்டு கோட்டிங் போட்டா சரியாப் போயிரும்.”

ஆளை அடையாளம் காண்பது சுலபம். கைலியில் துணி எது, பெயிண்ட் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. கைக்கடிகாரத்தின் கண்ணாடியில் பழைய பெயிண்ட் சொட்டு ஒன்று காய்ந்து கிடக்கும். பத்து மணிக்கும் பதினொரு மணிக்கும் நடுவே சின்ன முள் அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். அந்த ஒரு மணி நேரம் அவருக்குக் கணக்கில் வராது, டீக்கடைக்குப் போய்விடுவார்.

தடைக்கால நிவாரணமாக மீனவக் குடும்பத்துக்கு அரசு 8,000 ரூபாய் தருகிறது. குடும்பத்துக்கு என்று அரசு நினைக்கிறது. பணம் வங்கியில் விழுந்த தகவல் போனில் வந்ததும் சம்மாட்டி ஹார்டுவேர் கடையில் நிற்பார்.

“அண்ணே, இந்த வருசமாச்சும் மரைன் பெயிண்ட் எடுத்துட்டுப் போங்க.”

“அது கப்பலுக்குடா.”

“படகுக்கும்தாண்ணே.”

“எல்லார் வீட்டுக் கேட்டுக்கும் இந்த எனாமலத்தான அடிக்கிறான்? வெயில்லயும் மழையிலயும் கெடக்கல?”

“கேட்டு கடலுக்குப் போகாதுண்ணே.”

“எம் படகு மட்டும் இப்பப் போகுதாக்கும்? ரெண்டு மாசம் கரையிலதான கெடக்கு.”

இந்த வாதத்துக்கு எந்தக் கடைக்காரரிடமும் பதில் கிடையாது. மூடி நெளிந்த டின், லேபிள் கிழிந்த டின், இந்த நிறம் இனி வராது என்று கம்பெனியே கைவிட்ட டின் எல்லாம் மூலையிலிருந்து வெளியே வரும். நம்மவர் ஒவ்வொன்றையும் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பார். உள்ளே சளக் என்றால் பெயிண்ட். சத்தமே வராவிட்டால் கட்டி பிடித்துவிட்டது. அதற்குத் தனியாக விலை பேச வேண்டும்.

படகுத்துறையில் முதல் வேலை சுரண்டுவது. நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, காயவைத்து, சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஓட்டைக்குப் பட்டி வைத்து, பிரைமர் அடித்து, அதற்கு மேல்தான் எனாமல். இந்த வரிசை எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊரில் படகைக் குளிப்பாட்டவா என்று முதல் படியைத் தாண்டிவிடுவார். உப்புத்தாளில் கரகரப்பான 80-ஆம் நம்பர் ஒன்றே ஒன்று வாங்கி, அது வழவழப்பானதும் 220 ஆகிவிட்டது என்று அறிவிப்பார்.

படகின் முன்முனையான அணியத்துக்குப் பக்கத்தில் சுரண்டியை ஓங்கி வைத்தால் காசு அகலத்துக்கு ஒரு சில்லு பெயர்ந்து கையில் வரும். அதன் ஓரத்தை வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். மேலே உள்ள அடுக்குகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே நிறம். 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு, எந்த மாநிலத்துப் படகு என்று தூரத்திலேயே தெரிய வேண்டும் என்று மாநிலத்துக்கு ஒரு நிறம் வைத்துவிட்டார்கள். அதற்குக் கீழே உள்ள அடுக்குகளில்தான் சம்மாட்டியின் சுதந்திர காலம்: மூத்த மகள் சடங்கானபோது அடித்த ரோஸ், எஞ்சின் மாற்றிய வருசத்து மஞ்சள், மச்சான் வீட்டு ஜன்னலுக்கு வாங்கி மிஞ்சிய ஊதா. இத்தனைக்கும் அடியில் மரம் இருப்பதாக நம்பிக்கை. “இதுக்கு மேல சொரண்டாதடா,” என்று பையனிடம் சொல்வார். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கும். பெயிண்டை எடுத்துவிட்டால் படகில் என்ன மிஞ்சும் என்பது அவருக்கும் தெரியும்.

அரசு சொன்ன நிறம் அவர் வாங்கிய டின்னில் இருக்காது. இரண்டு டின்னைக் கலந்து பக்கத்தில் கொண்டுவருவார். அரசு நிறத்துக்கு அது சித்தப்பா மகன் முறை. முகச்சாயல் இருக்கும், இன்னார்தான் என்று சத்தியம் பண்ண முடியாது.

எனாமல் காய்கிற விதம் வேறு. டிஸ்டெம்பரைப் போல ஈரம் போனதும் காய்ந்துவிடாது. தின்னர் ஆவியான பிறகும், அதிலுள்ள எண்ணெய்ப் பிசின் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துத்தான் இறுகும். ஆகவே மெல்லிசாக ஒரு கை, ஒரு நாள் விட்டு இன்னொரு கை. நம்மவருக்கு இதில் உடன்பாடில்லை. இரண்டு கோட்டிங்கையும் ஒரே மூச்சில் தடியாக அடித்துவிடுவார். மேலே ஆடை கட்டும், உள்ளே பச்சையாகவே இருக்கும். வெயில் ஏற ஏற ஆடை சுருங்கிச் சுருக்கம் விழும். “டிசைன்” என்பார். அதற்குள் கச்சான் காற்று எழும்பி, கரை மணல் மொத்தத்தையும் வாரி ஈரப் பெயிண்டின் மேல் இறைக்கும். “வழுக்காம இருக்கும்ல,” என்பார். அவர் சமாதானம் சொல்லி முடிக்காத விபத்து அந்தத் துறையில் இதுவரை நடந்ததில்லை.

தின்னருக்கும் அவர் செலவு செய்வதில்லை. படகின் டேங்கில் அடி டீசல் கிடக்கிறதே! டீசல் ஊற்றினால் பெயிண்ட் பெருகும், பிரஷ் சுகமாக ஓடும், ஒரு டின் ஒன்றரை டின் ஆகும். டீசல் லேசில் ஆவியாகிற பொருள் இல்லை என்பதால் பெயிண்ட் காயாது. அது அப்புறம் தெரியும்.

பெயிண்ட் அடிக்கிற இடத்தில் ஆள் சேராமல் இருக்குமா? வலை பொத்துகிறவர்கள் வலையை அப்படியே போட்டுவிட்டு வந்து உட்காருவார்கள். ஒருவர் பிரஷ்ஷை மேலிருந்து கீழே இழு என்பார், இன்னொருவர் பக்கவாட்டில் என்பார். படகு கட்டுகிற வயதான ஓடாவி ஒருவர் நிச்சயம் இருப்பார். மீன் எண்ணெயையும் முந்திரிக்கொட்டை எண்ணெயையும் பலகையில் ஊற ஊறத் தேய்த்த காலத்தையும், இடுக்கில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் காய்ச்சி அடைத்த காலத்தையும் சொல்லிவிட்டு, “அப்பல்லாம் படகு நாறும். ஆனா மெதக்கும்,” என்று முடிப்பார். சம்மாட்டிக்கு அது காதில் விழாது. அந்த நேரம் பார்த்துக் காதிலும் பெயிண்ட் இருக்கும்.

தண்ணீர்க் கோட்டுக்குக் கீழேதான் அவருடைய ஆராய்ச்சி உச்சத்துக்குப் போகும். அங்கே அடிக்க வேண்டியது தாமிரச் சத்து கலந்த பெயிண்ட். தாமிரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பாசியையும் கொட்டலசு என்கிற ஓட்டுயிரையும் ஒட்டவிடாமல் துரத்தும். ஒரு காலத்தில் கப்பல்களுக்கு வெள்ளீயச் சேர்மம் கலந்தும் அடித்தார்கள். சிப்பியும் நத்தையும் பாழாகின்றன என்று அதற்கு உலக அளவில் தடை கொண்டுவந்தார்கள். 2008-இல் அந்த ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. இந்தச் செய்தி எப்படியோ நம்மவர் காதுக்கு எட்டியிருக்கிறது. வெள்ளீயத்துக்கு விழுந்த தடையைத் தாமிரத்துக்கும் சேர்த்து எடுத்துக்கொண்டு, விலையைக் கேட்ட மறுநொடி, “சோறு போடுற கடலுக்கே வெசம் வைக்கச் சொல்றியா?” என்று கடைக்காரரைக் கேட்டார். சுற்றுச்சூழலின் மேல் இத்தனை பாசம் அவருக்கு வேறு எந்த மாதத்திலும் வராது.

ஆகவே அடியிலும் எனாமல்தான். எப்போதும் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கிற இடம் அதற்கு ஆகாது; கொப்புளம் கிளம்பும், தோல் உரியும். பாசிக்கு? அதற்கும் வழி வைத்திருந்தார். பெயிண்டில் கால் கிலோ மிளகாய்த்தூளைக் கொட்டிக் கலக்கினார். கொட்டலசுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாதாம். அன்று மத்தியானம் வீட்டில் குழம்பு வெளுத்துப்போய் வந்தது. “தூள் டப்பாவ எங்க வச்சீங்க?” என்று மனைவி கேட்டதற்கு, “படகுலதான் இருக்கு,” என்றார். அது உண்மையும்கூட. அடுத்த முறை கரையேற்றியபோது அடிப்பாகத்தில் கொட்டலசு பலகை தெரியாமல் அப்பியிருந்தது. காரசாரமாகச் சாப்பிட்டுப் பழகியவை போல.

இப்படியெல்லாம் சிரித்தாலும், தண்ணீர்க் கோட்டுக்கு மேலே நான் அவர் கட்சி. ஐந்து வருசம் வரும் என்று சொல்கிற உயர்ந்த பெயிண்ட், உரசாமல் நிற்கிற படகில் ஐந்து வருசம் வரலாம். ராமேசுவரம் துறையில் படகும் படகும் தோளிடித்துக்கொண்டு நிற்கும். மேலே வலை இழுபடும், இரும்புப் பலகை மோதும், ஐஸ் பெட்டி உரசும். எதை அடித்தாலும் ஒரு பருவத்துக்கு மேல் முகம் தாங்காது. எப்படியும் வருசத்துக்கொரு முறை அடிக்கத்தான் வேண்டும் என்றால் மலிவானதை அடிப்பதில் என்ன தப்பு? அடித்துக் காயவைத்துவிட்டு, அணியத்தில் அந்தோணியார் பெயரைப் புதிதாக எழுதி, சாமியாரைக் கூட்டிவந்து மந்திரித்து, பத்தடி பின்னால் போய் நின்று பார்ப்பாரே, அந்தப் பத்து நிமிசம் அவர் கடன்காரர் இல்லை, சம்மாட்டி. பத்தடிக்கு உள்ளே வந்துதான் பார்க்கக்கூடாது.

மீன்வளத்துறை அதிகாரிகள் உள்ளே வந்து பார்க்கிறவர்கள். தடைக்காலத்தில் படகுகளை வரிசையாக நிறுத்தி ஆய்வு நடக்கும். பதிவெண், எஞ்சின், உயிர்காப்பு உடை, படகின் நிலை எல்லாம் பார்ப்பார்கள். இதைத் தவறவிட்டால் மானிய டீசலுக்கு ஆபத்து. நம்மவர் முதல் ஆளாக நிற்பார்.

“என்னய்யா, இது நாம சொன்ன கலரா?”

“வெயில்ல அப்படித் தெரியுது சார். மோடம் போட்டா சரியா இருக்கும்.”

“பலகையெல்லாம் உறுதியாத்தான இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே அதிகாரி படகின் மேல் கையை ஊன்றினார். அடித்து ஒரு வாரம் ஆகியிருந்தது. டீசல் தன் வேலையைக் காட்டியது. கையை எடுக்கப் பார்த்தார். சற்றுத் தாமதித்து, சத்தத்தோடு வந்தது. ஐந்து விரலும் தெளிவாகப் படகில் இருந்தன. படகு ஐந்து விரலிலும் இருந்தது.

“துடைக்க டீசல் இருக்கு சார்,” என்றார் சம்மாட்டி பணிவாக.

சான்றிதழ் வந்துவிட்டது. கை பதிந்த இடத்தை மட்டும் அவர் மறுபடி பூசவில்லை. “ஆபீசரே சீல் வச்சிட்டுப் போயிருக்காரு” என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார்.

தடை முடிந்த காலை, கடலுக்குப் போக அனுமதி டோக்கனுக்கு நெரிசல். எல்லாப் படகும் ஒரே நேரத்தில் எஞ்சினை முடுக்கிக்கொண்டு வெளியே தலையை நீட்டும். அந்தத் தள்ளுமுள்ளில் பக்கத்துப் படகு, மரைன் பெயிண்ட் அடித்த பணக்காரப் படகு, நம்மவர் படகின் விலாவில் நீளமாக உரசிக்கொண்டு போனது. ஆட்கள் கத்தினார்கள். இரண்டு பக்கமும் பூர்வீகம்வரை இழுத்துத் திட்டிக்கொண்டார்கள். சம்மாட்டி மட்டும் பேசவில்லை. விளிம்பில் குப்புறப் படுத்து, கையைக் கீழே விட்டு, தன் எனாமலின் மேல் நீளமாக ஒட்டியிருந்த அந்தப் படகின் பெயிண்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வரவில்லை. இன்னும் அழுத்திச் சுரண்டினார். அப்போதும் வரவில்லை. தலையை நிமிர்த்தி அந்தப் படகைப் பார்த்து உரக்கக் கேட்டார்:

“மச்சான்! இது எந்தக் கடையில வாங்குனது? போறப்ப இந்தப் பக்கமும் ஒரு தடவ ஒரசிட்டுப் போ!”