குளிர்பதன வேனில் குடியிருக்கலாமா?

கேள்வி: ஐஸ்கிரீம் ஏற்றிய பழைய குளிர்பதன வேனை, படுத்துறங்கும் பயண வண்டியாக மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். சுவருக்குள் பாலியூரித்தேன் நுரை ஏற்கெனவே இருப்பதால் வெப்பத்தடுப்புச் செலவு மிச்சம். குளிரூட்டும் இயந்திரத்தைக் கழற்றினால் எடை குறையும். அடுத்த தேவை காற்றோட்டம்: ஐஸ்கிரீம் மூச்சு விடாது, மனிதர் விடுவார். காற்றுப்புகாத பெட்டியில் மூச்சின் ஈரம் சுவரில் முத்து முத்தாக வியர்க்கும். அடுப்பெரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். ஆகவே மேலும் கீழும் நிரந்தரத் திறப்புகள் வேண்டும். ஜன்னல் வெட்டினால் விளிம்பை நீர் புகாமல் அடைக்க வேண்டும். நனைந்த நுரை கனக்குமே தவிர வெப்பத்தைத் தடுக்காது. கதவு உள்ளிருந்தும் திறக்க வேண்டும். மீன் ஏற்றிய வண்டியானால், விலை பேசுமுன் மோந்து பார்ப்பது நலம். இந்தியாவில், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு வண்டியின் உருமாற்றத்துக்கு வரம்பு விதிக்கிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலக ஒப்புதலுக்குப் பிறகே ரம்பத்தை எடுக்கலாம்.