கருவாட்டு வரி

எகிப்தில் தேர் எல் பஹ்ரி மலைச் சரிவில், 1881ஆம் ஆண்டு, ஒரு குழிக்குள்ளிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட பதப்படுத்திய உடல்களை வெளியே தூக்கினார்கள். இரண்டாம் ராம்சேஸ் அதில் இருந்தார். அவருடைய தகப்பனார் முதலாம் சேத்தியும் இருந்தார். கல்லறைத் திருடர்களுக்குப் பயந்து பழங்காலத்துப் பூசாரிகளே அரசர்களை அள்ளிவந்து அந்தப் பொந்தில் ஒளித்து வைத்திருந்தார்கள். அப்து எல் ரசூல் சகோதரர்கள் அதைக் கண்டுபிடித்து, பத்து வருடம் மூச்சு விடாமல் சில்லறை சில்லறையாக விற்றுச் சாப்பிட்டது தனிக் கதை. மிச்சம் கிடைத்தவர்களை அரசாங்கம் நீராவிக் கப்பலில் ஏற்றிக் கெய்ரோவுக்கு அனுப்பியது. அங்கே சுங்க அதிகாரி வரிப் பட்டியலைப் புரட்டினாராம். செத்துப்போன அரசருக்கு என்ன வரி என்று அதில் இல்லை. யோசித்துப் பார்த்து, 'கருவாடு' என்று எழுதி, அதற்குரிய வரியை வாங்கிக்கொண்டு உள்ளே விட்டார் என்று இன்றுவரை சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அதிகாரியை மெச்சத் தோன்றுகிறது. கருவாடு என்றாவது எழுதினார், எழுதியதை அன்றைக்கே முடித்தார், விட்டார். வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் படி தேய்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நம் ஆதிச்சநல்லூர்க்காரர்களுக்கு அந்தக் கொடுப்பினைகூட இல்லை. தாமிரபரணிக் கரையில், தாழிக்குள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தவர்களை, 1876இல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். பிறகு அலெக்சாண்டர் ரீ தோண்டிச் சென்னை அருங்காட்சியகத்துக்கு அனுப்பினார். சுதந்திர இந்தியாவின் தொல்லியல் துறை 2004, 2005இல் தோண்டியது. நூற்று அறுபதுக்கு மேல் தாழிகள் வந்தன. அறிக்கை வந்ததா? வரவில்லை. ஒரு வருடம், ஐந்து வருடம், பத்து வருடம் போயிற்று. எழுத்தாளர் ஒருவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்குப் போய் வழக்குப் போட்ட பிறகுதான் இரண்டு மாதிரிகள் அமெரிக்க ஆய்வகத்துக்குப் பறந்தன. கி.மு. 905 என்றும் கி.மு. 696 என்றும் பதில் வந்தது. மூவாயிரம் வருடம் மண்ணுக்குள் கெடாமல் இருந்தவர்கள், பதினான்கு வருடம் அரசாங்க அட்டைப்பெட்டிக்குள் இருந்து பார்த்தார்கள். எது கடினம் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

எங்கள் சிவகங்கை மாவட்டத்துக் கதைக்கு வருகிறேன். எங்கள் ஊர் அரியக்குடி, மாவட்டத்தின் கிழக்கே இருக்கிறது. மேற்குக் கோடியில் திருப்புவனம் பக்கம் கீழடி. கீழடியில் வாழ்ந்தவர்களைப் புதைத்த இடம் கொந்தகை என்று சொல்கிறார்கள். அங்கேயும் தாழிகள். அந்தத் தாழிகளில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளுக்கு இங்கிலாந்தின் லிவர்பூலில் சதையும் தோலும் கணினியில் பூட்டி முகம் கொடுத்தார்கள். இரண்டாயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இரண்டு ஆம்பிளைகளின் முகம். செய்தித்தாளில் அந்தப் படத்தைப் பார்த்தவுடன் காரைக்குடி பஸ் ஸ்டாண்டில் எங்கேயோ பார்த்த ஆள் மாதிரி இருந்தது. அதுதான் சிலருக்கு வயிற்றைக் கலக்குகிறது போலும்.

ஏனென்றால், கீழடியை முதல் இரண்டு கட்டம் தோண்டிய அமர்நாத் ராமகிருஷ்ணாவை 2017இல் அசாமுக்கு மாற்றினார்கள். மூன்றாம் கட்டத்துக்கு வந்தவர் தொடர்ச்சி எதுவும் இல்லை என்றார். நான்காம் கட்டத்திலிருந்து மாநிலத் தொல்லியல் துறை தோண்டியது. இல்லாத தொடர்ச்சி திடீரென்று வந்துவிட்டது. கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்று 2019இல் அறிக்கை வெளியிட்டார்கள். அமர்நாத் தன் பங்குக்கு 982 பக்கம் எழுதி 2023 ஜனவரியில் டெல்லியில் கொடுத்தார். இரண்டு வருடத்துக்கு மேல் அதைப் பத்திரமாக வைத்திருந்து, 2025 மே மாதம், திருத்திக் கொண்டு வா என்று திருப்பி அனுப்பினார்கள். திருத்த மாட்டேன், மண் அடுக்கும் கரிமக் கணக்கும் சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன் என்றார். ஜூனில் மறுபடி இடமாற்றம். இன்னும் அறிவியல் ஆதாரம் வேண்டும் என்று மத்தியக் கலாச்சார அமைச்சர் சென்னையில் வந்து சொல்லிவிட்டுப் போனார். கரித்துண்டுக்கும் தேசபக்திச் சான்றிதழ் கேட்கிற காலம்.

இது புது வித்தை ஒன்றும் இல்லை. ஒன்பதாம் ராம்சேஸின் 16ஆம் ஆட்சியாண்டில் தீப்ஸ் நகரத்தில் இதே கூத்து நடந்திருக்கிறது. பாப்பிரசில் எழுதியே வைத்திருக்கிறார்கள். கிழக்குக் கரை மேயர் பஸேர், அரசர் கல்லறைகள் கொள்ளை போகின்றன என்று புகார் கொடுத்தார். பொறுப்பு மேற்குக் கரை மேயர் பவேராவினுடையது. குழு போட்டார்கள். குழு பத்து அரசர் கல்லறைகளைப் பார்த்துவிட்டு, ஒன்றுதான் போயிருக்கிறது, ஒன்பது பத்திரம் என்று எழுதியது. கடைசியில் கண்டனம் யாருக்கு? புகார் கொடுத்த பஸேருக்கு. கொள்ளையடித்த கல்தச்சன் ஒருவன் தன் வாக்குமூலத்தில் இன்னொன்றும் சொல்கிறான்: முதலில் பிடிபட்டபோது, என் பங்குக்கு வந்த இருபது டெபன் தங்கத்தைப் பேட்டை எழுத்தரிடம் கொடுத்தேன், விட்டுவிட்டார், திரும்பப் போய்த் திருடினேன். மூவாயிரத்து நூறு வருடத்துக்கு முந்தைய லஞ்சம், ஏறக்குறைய ஒன்றே முக்கால் கிலோ தங்கம். எகிப்தியர் பதப்படுத்தியதில் இதுவரை கொஞ்சமும் கெடாதது இந்த முறை ஒன்றுதான்.

டெல்லியை மட்டும் திட்டினால் சென்னையில் கை தட்டுவார்கள். அந்தக் கை கொஞ்சம் பொறுக்கட்டும்.

நம் ஃபாரோக்கள் மெரினாவில் படுத்திருக்கிறார்கள். அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி. எம்.ஜி.ஆர். சமாதியில் காதை வைத்தால் உள்ளே கைக்கடிகாரம் ஓடுவது கேட்கும் என்று நம்பி வரிசையில் நின்றவர்கள் நம் சனங்கள்தான். ஜெயலலிதாவுக்கு ஃபீனிக்ஸ் பறவை வடிவில் எண்பது கோடி ரூபாய் அளவில் நினைவிடம், 2021 ஜனவரியில் திறந்தார்கள். கருணாநிதிக்கு 39 கோடி, 2024 பிப்ரவரியில் திறந்தார்கள். அது போதாதென்று கடலுக்குள் 134 அடிப் பேனா, 81 கோடி என்று திட்டம் போட்டார்கள். கூஃபு பிரமிடு கட்டினான் என்றால் அவனுக்கு எதிர்க்கட்சி இல்லை. இங்கே ஆட்சி மாறினால் கல்லறையின் ஒப்பந்தக்காரர் மாறுவார், கல்லறை நிற்காது.

இரண்டு நினைவிடத்தையும் கூட்டினால் சுமார் நூற்று இருபது கோடி. கீழடி அருங்காட்சியகத்துக்கு ஆனது பதினெட்டுக் கோடிச் சொச்சம். ஓர் ஊரே, அதன் தறியும் பானையும் எழுத்தும் சாவும் சேர்ந்து, இரண்டு தலைவர்களில் ஆறில் ஒரு பங்குகூடப் பெறாது என்று அரசாங்கமே விலைச்சீட்டு ஒட்டிவிட்டது.

அந்த அருங்காட்சியகத்தை 2023 மார்ச்சில் திறந்தார்கள். செட்டிநாட்டுப் பாணியில் கட்டியிருக்கிறார்கள் என்று எங்கள் பக்கத்தில் ஏகப் பெருமை. முற்றம், தூண், தாழ்வாரம் எல்லாம் உண்டு. நல்ல கட்டடம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அசலைப் பார்க்க வேண்டுமானால் அரியக்குடிக்கு வாருங்கள். தெருவுக்குத் தெரு பூட்டிய வீடு. முகப்பில் சுதைப் பொம்மைக்குக் கை உடைந்திருக்கும், வளவுக்குள் வௌவால் புழுக்கை, இரண்டாங்கட்டில் ஓடு சரிந்து வேப்பங்கன்று முளைத்திருக்கும். பங்காளிகள் பன்னிரண்டு பேர் கையெழுத்துப் போட்டால்தான் பூட்டுத் திறக்கும். திறந்தால் மறு மாதம் வீடு இருக்காது. பர்மாத் தேக்குத் தூண், நிலை, கதவு, ஆத்தங்குடிக் கல், எனாமல் தூக்கு எல்லாம் கழற்றிக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைக்கு நிற்கும். எகிப்தில் திருடன் இரவில் சுவரைக் குடைந்து நுழைந்தான். இங்கே பேரன் சாவி போட்டுத் திறந்து, லாரிக்காரருக்குக் காபி கொடுத்து ஏற்றி அனுப்புகிறான். 2014இல் செட்டிநாட்டுக் கிராமங்களை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் சேர்த்தார்கள். உத்தேசம் பட்டியலில் இருக்கிறது, தூண் லாரியில் போகிறது. இந்த வேகத்தில் போனால் செட்டிநாட்டு வீடு என்றால் என்ன என்று பேரப்பிள்ளைகளுக்குக் காட்டக் கீழடிக்குத்தான் அழைத்துப் போக வேண்டும்.

இத்தனைக்கும் செத்தவர்களை எப்படி வைத்துக்கொள்வது என்று இந்த மண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நகரத்தார் வீடுகளில் படைப்பு என்று ஒன்று உண்டு. முன்னோருக்குப் புதுச் சேலை, வேட்டி வைத்து, இலை போட்டுச் சமைத்துப் படைத்து, அந்தத் துணியைப் பெட்டியில் மடித்து அடுத்த படைப்பு வரைக்கும் வைத்திருப்பார்கள். சிங்கப்பூரில் இருப்பவரும் லீவு போட்டு வந்து நிற்பார். கும்பிடப்படுகிற ஆச்சி ராணி இல்லை. பல வீடுகளில் அவருக்குப் படம்கூடக் கிடையாது. அப்படிக் கும்பிட்டு எழுந்த கைதான் மறு வாரம் தூணுக்கு விலை பேசுகிறது. அது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை, கோபம் மட்டும் வருகிறது.

எகிப்து 2021 ஏப்ரல் 3ஆம் தேதி பதினெட்டு அரசர்களையும் நான்கு அரசிகளையும் கெய்ரோத் தெருவில் ஊர்வலமாகக் கொண்டுபோனது. இருபத்தொரு குண்டு முழங்கியது, ஜனாதிபதி வாசலில் நின்று வரவேற்றார். அது அரசர்களுக்குச் செய்த மரியாதை, சுற்றுலா வியாபாரமும்கூட. கொந்தகைத் தாழிக்காரர்களுக்கு ஊர்வலம் வேண்டாம். அவர்கள் அரசர்கள் என்று யாரும் சொல்லவில்லை.

டெல்லிக்கு ஒரே வேண்டுகோள்: அந்த 982 பக்கத்தை எழுதியபடியே அச்சிடுங்கள். தப்பிருந்தால் மறுத்து எழுத உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அதற்கு இடமாற்ற உத்தரவு தேவையில்லை. சென்னைக்கு ஒன்று: அடுத்த தலைவருக்கு மெரினாவில் குழி அளக்கும் முன்னால், செட்டிநாட்டில் ஒரு தெருவையாவது லாரி வராமல் காப்பாற்ற ஒரு சட்டம் கொண்டு வாருங்கள். எங்கள் ஊர்ப் பங்காளிகளுக்கும் ஒன்று: விற்பதானால் வீட்டை வீடாக விற்றுத் தொலையுங்கள், எலும்பு எலும்பாகக் கழற்றாதீர்கள்.